வீழ்ந்த கோபுரமும் எழுந்த கோபுரமும்

ஒரு சமயத்தார் ஓர் ஊரை விட்டு மறைந்து போன பின்னர், அவர்கள் விட்டுச் சென்ற ஆலயத்தையும் ஏட்டையும் காப்பவர் யார்? அவ்வூரில் எஞ்சி வாழும் பிற சமயத்தார்தாம். அவர்கள் மனம் வைத்தால் அவை நிற்கும். மனம் வைக்காவிடில் மண்ணோடு மண்ணாகும். தமிழகத்துப் பௌத்தத்தின் வரலாறு இவ்வுண்மைக்கு இருபுறமும் சான்று பகர்கின்றது. அயலார் காத்ததனால் பிழைத்தவையும் அதில் உண்டு. அயலார் கைவிட்டதனால் அழிந்தவையும் உண்டு. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இவ்வரலாற்றைப் படிப்பதில் தனியானதொரு பயன் இருக்கிறது. அஃது யாதென்பதை இறுதியில் கூறுவோம்.

மேற்கு மலையும் பௌத்தமும்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் வாழ்வோர்க்குப் பௌத்தம் என்றதும் கயையும் இலங்கையும் பர்மாவுமே நினைவுக்கு வரும். நம் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவரே மிகுதி. ஆனால், செட்டியார்பட்டி போன்றதொரு சிற்றூரில் நின்று மேற்கே நோக்கினால் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் அம்மலைத்தொடர், தெற்கே பொதியில் வரை செல்கிறது. அப்பொதியில் பௌத்த உலகத்தோடு பழந்தொடர்பு உடையது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாம்பிரபரணியையும் குறிப்பிடுகிறார். அந்நாடுகளிலெல்லாம் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தியதாக அதில் அவர் பொறித்துள்ளார். படை எடுத்து வந்த செய்தி அன்று. மூலிகை அனுப்பிய செய்தி. பாண்டிய நாடு பௌத்தப் பேரரசர் ஒருவரின் கல்வெட்டில் இடம் பெற்றது இவ்வாறுதான்.

கி.பி. 640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே உள்ள நாட்டை மலைகூடம் என்னும் பெயரால் வருணிக்கிறார். அதனைப் பாண்டிய நாடு என்பர். அங்கு அவர் நேரில் சென்று கண்டாரா, காஞ்சியில் இருந்தவாறே கேட்டு எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அவர் தரும் செய்தி உருக்கமானது. பழைய பௌத்தப் பள்ளிகள் பல இடிந்து கிடக்கின்றன, சுவர்களே மிஞ்சியுள்ளன, அந்நெறியினர் சிலரே உளர் என்கிறார். ஆக, கி.பி. ஏழாம் நூற்றாண்டிலேயே பாண்டிய நாட்டுப் பௌத்தம் தளர்ந்துவிட்டது.

அதே நூலில் அவர் சந்தன மரங்கள் செறிந்த மலய மலையையும், அதன் கிழக்கே போதலகம் என்னும் மலையையும் குறிப்பிடுகிறார். கருணையின் உருவாகப் பௌத்தர் போற்றும் அவலோகிதர் வாழும் இடம் அப்போதலகமே என்பது அவர்களுடைய நம்பிக்கை. திபெத்தின் தலைநகரான லாசாவில் தலாய் லாமாக்கள் எழுப்பிய அரண்மனைக்குப் பொத்தலா என்று பெயர் வந்ததும் இம்மலையின் பெயரால்தான். இப்போதலகம் நம் பொதியில் மலையே என்று ஆராய்ந்து எழுதியவர், தமிழும் கற்ற ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகா. தமிழகத்துப் பௌத்தம் பற்றிய அவருடைய நூல் 1989இல் சென்னையிலிருந்து வெளிவந்தது.

தமிழ் நூல்களிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. கி.பி. பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் வீரசோழியம் என்னும் இலக்கணம் செய்தார். அகத்திய முனிவர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடத்தில் என்பது அவர் கூற்று. பொதியில் முனிவரையும் போதலக முனிவரையும் ஆசிரியர், மாணவர் உறவில் இணைத்து வைத்தார் அவர். வரலாறாக இதை ஏற்க வேண்டுவதில்லை. எனினும், தமிழ் மொழி தமக்கும் உரியது என்று சொல்லிக்கொள்ள ஒரு சமயத்தார் எத்துணை ஆர்வம் கொண்டிருந்தனர் என்பதை இதனால் உணரலாம். தமிழில் காப்பியமும் மாலையும் கிஸ்ஸாவும் மசலாவும் பாடிய நம் புலவர்களின் ஆர்வமும் இத்தகையதன்றோ!

வீரிருப்பு

இவ்வாறு மறைந்த பௌத்தம் இந்நாளில் மீண்டும் இப்பகுதியில் ஓர் இடத்தில் குடிகொண்டிருக்கிறது. செட்டியார்பட்டியிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் விருதுநகர் மாவட்டம் முடிந்து, 2019இல் உருவான தென்காசி மாவட்டம் தொடங்கும். அம்மாவட்டத்தில் சங்கரன்கோயிலை அடுத்த சிற்றூர் வீரிருப்பு. அங்கே ஜப்பானியத் துறவிகள் அமைத்த புத்தர் கோயிலும், 2020ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற உலக அமைதிக் கோபுரமும் உள்ளன.

நாம் அங்குச் சென்றது ஓர் ஆடி மாதத்தில். வணங்குதற்கு அன்று, வரலாறு அறிதற்கே சென்றோம். வழி நெடுகிலும் மேற்கு மலை உடன் வந்தது. அதன் முடிகளை மேகம் மூடியிருந்தது. மலைக்கு அப்பால் கேரளத்தில் பெருமழை; இப்பாலோ காற்று மட்டுமே. எப்போதேனும் பன்னீர் தெளித்தாற்போல் சாரல் வந்து முகத்தைத் தொட்டு மறைந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் அக்காற்றில் பனைகள் எல்லாம் ஒருபுறமாய்த் தலை சாய்த்து நின்றன. காற்றாலைகள் ஓய்வின்றிச் சுழன்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வருவோர்க்கு இதே நிலம் பச்சைப் பசேலென்று காட்சி தரும், கண்மாய்கள் நிறைந்திருக்கும். ஆடியில் இது செம்மண்ணும் கரிசலும் புழுதியுமாய்க் கிடக்கிறது. ஆயினும், மேகம் போர்த்த மலையும் விரிந்த வெறும் வயலும் வெண்ணிறக் கோபுரமும் ஒருங்கே தோன்றும் காட்சிக்கு ஆடியே ஏற்ற காலம் என்று நமக்குத் தோன்றிற்று.

வாயிலில் நாம் காலணியைக் கழற்றியபோது, அங்கு நின்ற மூதாட்டி ஒருவர், “பாய், செருப்பை அந்தக் கல்லுக்குப் பின்னால விடுங்க. ஆடிக் காத்து, தூக்கிட்டுப் போயிரும்” என்றார். அவர் பௌத்தர் அல்லர், அக்கம்பக்கத்து ஊரினர். ஆயினும், வருவோர் போவோரை விசாரிப்பதும் வழி சொல்வதும் தம் வீட்டுக் கடமை போல் அவருக்கு இருந்தது. “இங்க சத்தமே இருக்காது பாய். அந்தக் கொட்டுச் சத்தம் ஒண்ணுதான்” என்றும் சொன்னார்.

கொட்டு என்று அவர் கூறியது, துறவிகள் கையில் ஏந்தி அடிக்கும் விசிறி வடிவப் பறையை. ஜப்பானில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த நிச்சிரென் என்பவர் வழியில் வந்தவர்கள் இவர்கள். தாமரைச் சூத்திரம் என்னும் நூலின் பெயரைப் போற்றி ஓதுவதும், ஓதும்போது பறை கொட்டுவதும் இவர்களுடைய வழிபாட்டு முறை. இதில் நாம் வியந்து நின்ற செய்தி ஒன்றுண்டு. அத்தாமரைச் சூத்திரத்தில் அவலோகிதரின் பெருமையைக் கூறுதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அவருடைய உறைவிடமாக யுவான் சுவாங் எழுதி வைத்த தென்னாட்டு மலைகளின் அடிவாரத்திற்கே, பல நூற்றாண்டுகள் கடந்து, அந்நூல் வந்து சேர்ந்திருக்கிறது.

இத்துறவிகள் சார்ந்த சபைக்கு நிப்போன்ஸன் ம்யோஹோஜி என்று பெயர். அதனை நிறுவியவர் நிச்சிதத்சு ஃபூஜி (1885–1985). இவர் 1931இல் இந்தியாவுக்கு வந்தார்; 1933இல் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். இச்சபையாரின் மந்திரமும் பறையும் காந்தியடிகளின் ஆசிரமப் பிரார்த்தனையில் இடம் பெற்றன. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டினால் அழிந்ததைக் கண்ட ஃபூஜி, உலகெங்கும் அமைதித் தூபிகள் எழுப்ப உறுதி பூண்டார். முதல் தூபி 1954இல் ஜப்பானின் குமமோட்டோ நகரில் எழுந்தது. பீகாரில் உள்ள ராஜகிருகத்துத் தூபி 1969இல் திறக்கப்பெற்றது. வீரிருப்புக் கோபுரம் அவ்வரிசையில் வந்ததாகும். வெண்ணிறக் குவிமாடமும், நாற்புறத்து மாடங்களில் பொன்னிறப் புத்தர் உருவங்களும் கொண்டு அமைவது இச்சபையார் எழுப்பும் தூபிகளின் பொது இயல்பு.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். சங்கரன்கோயிலுக்குக் கிழக்கே கழுகுமலையில் பாறையில் செதுக்கிய உருவங்களைக் கண்டு, அவற்றையும் புத்தர் என்று கூறுவார் உளர். அவை சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். முற்காலப் பாண்டியர் காலத்தவை. இரண்டும் துறவு நெறிகளே எனினும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

அரபு நூல்களில் புத்தர்

இச்செய்திகளையெல்லாம் ஒரு முஸ்லிம் ஏன் அறிய வேண்டும் என்று சிலர் வினவலாம். நம் முன்னோராகிய அரபு நூலாசிரியர்கள் அவ்வாறு வினவவில்லை என்பதே நம் விடை.

அப்பாசியக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சராக விளங்கிய யஹ்யா இப்னு காலித், பர்மக்கியர் குடும்பத்தவர். அக்குடும்பத்தின் முன்னோர் பல்க் நகரத்து நவபஹார் என்னும் பௌத்த விகாரையின் தலைவர்களாக இருந்தவர்கள். இந்த யஹ்யா, மருந்துச் சரக்குகளைக் கொண்டு வரவும் இந்தியச் சமயங்களைப் பற்றி எழுதி வரவும் ஒருவரை இந்தியாவுக்கு அனுப்பினார் என்ற செய்தியை இப்னுந் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்த் என்னும் நூலில் (ஹிஜ்ரி 377, கி.பி. 987) பதிவு செய்துள்ளார். பௌத்தரை சுமனிய்யா என்னும் பெயரால் அவர் குறிக்கிறார். புத்தரின் வாழ்க்கையிலிருந்து கிளைத்த பிலவ்ஹர், பூதாஸஃப் கதை அரபியில் வழங்கியதையும் அவர் நூலால் அறிகிறோம்.

இமாம் ஷஹ்ரஸ்தானி (மறைவு ஹிஜ்ரி 548, கி.பி. 1153) தம் அல்மிலல் வந்நிஹல் என்னும் நூலில் புத்தரைப் பற்றி எழுதுகையில், அம்மக்கள் கூறும் இயல்புகள் உண்மையாயின் அவை ஹிள்ரு அலைஹிஸ்ஸலாம் அவர்களின் இயல்புகளை ஒத்திருக்கின்றன என்கிறார். பிற சமயத்தார் போற்றும் ஒருவரைக் குறிப்பிடும்போது ஓர் ஆலிம் எத்துணைக் கண்ணியம் காத்தார் பாருங்கள்!

இவர்களுள் அல்பிரூனியின் சொல்லே நம் கருத்துக்கு மிகவும் இயைந்தது. கி.பி. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில், பௌத்த நூல் ஒன்றும் தமக்குக் கிடைக்கவில்லை, அவர்களுடைய கொள்கையைக் கேட்டறியப் பௌத்தர் ஒருவரையும் தாம் காணவில்லை என்று ஓரிடத்தில் கூறுகிறார். சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களோடு பழகிய அப்பேரறிஞருக்கே அக்காலத்தில் வடமேற்கு இந்தியாவில் ஒரு பௌத்தர் கிடைக்கவில்லை. ஒரு சமயத்தார் மறைந்துவிட்டால், அறிய விரும்புவோர்க்கும் வழி அடைந்து போகிறது.

நாகையில் நின்ற கோபுரம்

அல்பிரூனி அவ்வாறு எழுதிய காலத்தில், தமிழகத்தின் கிழக்குக் கரையில் பௌத்தம் செழித்திருந்தது. நாகப்பட்டினத்தில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் சூடாமணி விகாரம் என்னும் பள்ளியை எழுப்பினான். சிவபக்தனான முதலாம் இராசராச சோழன், தன் ஆட்சியின் இருபத்தொன்றாம் ஆண்டில் (கி.பி. 1006 அளவில்), ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பௌத்தப் பள்ளிக்கு அளித்தான். இதனைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்று சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. பௌத்த மன்னன் கட்டினான். சைவ மன்னன் மானியம் கொடுத்தான். கடல் வாணிகம் இவ்விரு கைகளையும் இணைத்தது.

அந்நகரில் செங்கல்லால் ஆன மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றும் இருந்தது. ஐரோப்பிய மாலுமிகள் சீனக் கோபுரம் என்று அழைத்த அதனைக் கரைக்கு அடையாளமாகக் கொண்டு கப்பல்கள் வந்தன. 1349ஆம் ஆண்டளவில் எழுதிய சீனப் பயணி வாங் தாயுவான், 1267இல் முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த ஒரு செங்கல் தூபியைக் குறிப்பிடுகிறார். அது இக்கோபுரமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். 1476இல் பர்மாவிலிருந்து இலங்கை சென்று திரும்பிய பௌத்தத் துறவிகள் நாகையில் பழைய பள்ளியின் இடத்தைத் தரிசித்ததாகப் பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு கூறுகிறது. அதன் பின்னர் அங்கே விளக்கேற்றுவோர் இலராயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கோபுரம் பாழடைந்து தனித்து நின்றது. அவ்விடம் கிறித்தவப் பாதிரிமார் வசம் வந்தது. 1859இல் அவர்கள் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டபோது அரசு இசையவில்லை. அதனைக் காக்க வேண்டும் என்று கருதியவருள் ஒருவர் சர் வால்டர் எலியட். எனினும், 1867இல் அனுமதி கிடைத்தது, கோபுரம் வீழ்ந்தது. இடித்தவரைக் குறை சொல்வது எளிது. ஆனால், இடிக்க வேண்டாம் என்று முறையிட நாகையில் ஒரு பௌத்தக் குடி இல்லை என்பதையும், பிற சமயத்தாராய் வாழ்ந்த ஊரார் அதனைத் தம்முடையதாக எண்ணவில்லை என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். அப்பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து 1856 முதல் கிடைத்த முந்நூற்றுக்கு மேற்பட்ட வெண்கலப் புத்தர் உருவங்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றன.

இனி, அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் நாகூர். ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் தர்காவில் ஐந்து மினாராக்கள் விண்ணோங்கி நிற்கின்றன. அவற்றுள் 131 அடி உயரம் கொண்ட பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் (ஆட்சி 1739–1763). அவர் இந்து. ஒரே கடற்கரையில் இரண்டு உயர்ந்த கட்டடங்கள். ஒன்றைப் பிற சமயத்தார் இடித்தனர். மற்றொன்றைப் பிற சமயத்து மன்னர் எழுப்பினார். முன்னதற்கு உரியவர் இல்லை. பின்னதற்கு உரியவரும் உளர், உவப்பவரும் உளர். ஆகவே அது நிற்கிறது.

ஏடுகளின் கதை

கோபுரத்துக்கு நேர்ந்தது ஏடுகளுக்கும் நேர்ந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் பௌத்தர் செய்தவை மணிமேகலையும் குண்டலகேசியும். மணிமேகலைச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, பௌத்த நூல்களைக் கற்றோரிடம் கேட்டுத் தெளிந்து, 1898இல் அச்சிட்டவர் உ.வே. சாமிநாதையர், அவர் சைவ நெறியினர். வீரசோழியத்தை 1881இல் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் சைவரே. தமிழகத்துப் பௌத்த வரலாற்றைத் தொகுத்துப் பௌத்தமும் தமிழும் என்னும் நூலை 1940இல் வெளியிட்ட மயிலை சீனி. வேங்கடசாமியும் பௌத்த மரபிற் பிறந்தவர் அல்லர். குண்டலகேசியோ அழிந்தது. அதை மறுக்க எழுந்த நீலகேசி என்னும் சமண நூலும் அதன் உரையும் பிற உரைகளும் எடுத்தாண்ட அளவிலேயே அது நமக்கு எட்டுகிறது. மறுத்தவர்களே அதன் பெயரைக் காத்தவர்களாயினர்!

இதில் நம் வரலாறும் ஒளிந்திருக்கிறது. இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ்ச் செய்யுள்களுள் மிகப் பழையவை என்று கருதப்படுபவை பல்சந்தமாலைப் பாடல்கள். அந்நூல் முழுதும் கிடைக்கவில்லை. ஆசிரியர் பெயரும் தெரியவில்லை. களவியற்காரிகை என்னும் அகப்பொருள் இலக்கணத்தின் உரையில் மேற்கோளாக வந்த எட்டுப் பாடல்களே எஞ்சின. உரை செய்தவர் முஸ்லிம் அல்லர். அந்நூலைத் தேடிப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளையும் முஸ்லிம் அல்லர். நம் மூத்த நூலின் எட்டுத் துளிகளை நமக்குக் காத்துக் கொடுத்தவர்கள் அயலார். மறுபுறம், உமறுப்புலவரின் சீறாப்புராணம் முழுமையாய் நம் கைக்கு வந்தது, அதன் ஏடுகளை ஊர் ஊராய்த் தேடி 1842இல் அச்சேற்றிய புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பால். உரியவர் விழித்திருந்தால் முழு நூல். உறங்கினால் எட்டுப் பாடல். அந்த எட்டும் அயலாரின் அருளால்.

நம் கடமை

முதலில் கூறிய பயன் இதுவே. நம் வீடுகளின் பரண்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் அரபுத்தமிழ் ஏடுகளும், கையெழுத்துக் கிதாபுகளும், முனாஜாத்துச் சுவடிகளும், பழைய நிக்காஹ் பதிவேடுகளும் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. பழைய கபுறுஸ்தான்களின் எழுத்துப் பொறித்த கற்கள் துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் மாறி வருகின்றன. புதிய பள்ளி கட்டும் ஆர்வத்தில் பழைய பள்ளியின் கல்வெட்டைச் சுண்ணாம்புக்குள் மறைப்பாரும் உளர். இவற்றை இடிக்க எந்த அயலாரும் வரவில்லை. நாமே உரியவர், நாமே உறங்குபவர். அரபுத்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராய்க் கண் மூடுகின்றனர். இன்னும் ஒரு தலைமுறை கடந்தால், அல்பிரூனி பௌத்தர் ஒருவரைத் தேடிக் காணாதது போல், நம் பேரர்களும் அவ்வெழுத்தைப் படிப்பவர் ஒருவரைத் தேடிக் காணாமற் போவர்.

ஆகவே, ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டுப் பரணை ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும். கிடைப்பதைத் துடைத்து, எழுதியவர் பெயரும் ஆண்டும் குறித்து, படிக்கத் தெரிந்த பெரியவரிடம் காட்டிப் பொருள் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் காக்க இயலாதவற்றை மதரஸா நூலகத்திலோ அரசின் சுவடி நிலையத்திலோ ஒப்படைக்கலாம். இது நம்மளவில் செய்ய வேண்டியது.

அயலார் பொருட்டுச் செய்ய வேண்டியதும் உண்டு. பூமியில் பயணம் செய்து முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. நம் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு பழஞ்சிலை கிடந்தால், வயலில் எழுத்துள்ள கல் ஒன்று வெளிப்பட்டால், அது நம் சமயத்துக்கு உரியதன்று என்று கடந்து போகலாகாது. உரியவர் இல்லாத பொருள் கண்டவர் கையில் அமானிதம். வணங்குவது வேறு, காப்பது வேறு. நம் எட்டுப் பாடல்களைக் காத்துத் தந்த அந்தப் பெயர் தெரியாத உரையாசிரியருக்கு நாம் பட்ட கடனை, பிறருடைய பொருளைக் காத்துத்தான் தீர்க்க முடியும்.